விளக்கும் கணக்கும்: சூரிய மின்தொழிற் பயிற்சியின் வரலாறு

தோற்றுவாய்

கல்வியை விளக்குக்கு ஒப்பிடுவது நம் நாட்டு மரபு. வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கத்தின் மேடைகளிலும் இந்த உவமை பலமுறை எடுத்தாளப்பட்டிருக்கிறது. ஆயினும் உவமையாக வரும் விளக்கைப் பற்றிப் பேசிய அளவுக்கு, வீட்டில் எரியும் விளக்கைப் பற்றி நாம் பேசியதில்லை. நம் குடியிருப்புகளுக்கு விளக்கு எப்போது வந்தது? அதைக் கொண்டுவந்தவர் யார்? அது அணைந்தால் மீண்டும் ஏற்றத் தெரிந்தவர் யார்? அதற்கான வரவு செலவுப் பேரேடு யார் கையில் இருக்கிறது? இவையெல்லாம் வரலாற்று வினாக்கள். நம் இளைஞர்களின் எதிர்காலத்தோடு நேரடித் தொடர்புடைய வினாக்களும் ஆகும்.

ஊருக்கு மின்சாரம் வந்தது என்று ஏட்டில் எழுதப்பட்ட நாளும், சேரிக்கு வந்த நாளும் ஒன்றல்ல என்பதை நம் முதியோர் அறிவர். இது வெறும் மனக்குறையன்று. அரசின் இலக்கணத்திலேயே இதற்கு இடமிருந்தது. 1997ஆம் ஆண்டு வரை, ஒரு வருவாய்க் கிராமத்தின் எல்லைக்குள் எந்தப் பயனுக்காகவேனும் மின்சாரம் பயன்படுத்தப்பட்டால், அது மின்வசதி பெற்ற கிராமம் என்றே கணக்கில் ஏறியது. வயலோரத்துக் கிணற்றில் ஒரே ஒரு பம்புசெட் ஓடினாலும் போதும். குடியிருப்பில் ஒரு விளக்கும் எரிய வேண்டியதில்லை. 1997இல் மின்சாரம் மக்கள் வாழும் பகுதிக்குள் வந்திருக்க வேண்டும் என்று இலக்கணம் திருத்தப்பட்டது. 2004இல் மீண்டும் திருத்தப்பட்டபோதுதான், கிராமத்தில் தலித் குடியிருப்பு இருப்பின் அங்கும் மின்பாதை அமைந்திருக்க வேண்டும், பள்ளி முதலிய பொது இடங்களுக்கு இணைப்பு இருக்க வேண்டும், வீடுகளில் பத்தில் ஒரு பங்கேனும் மின் இணைப்புப் பெற்றிருக்க வேண்டும் என்று எழுதப்பட்டது. நாடு விடுதலை பெற்று 57 ஆண்டுகள் கழித்தே நம் தெரு இலக்கணத்துக்குள் வந்தது!

இடைப்பட்ட காலத்தில் நம் பிள்ளைகள் சிம்னி விளக்கின் புகையிலும், தெருமுனைக் கம்பத்தின் அடியிலும் படித்துத் தேறினார்கள். அந்த வரலாற்றை மீண்டும் சொல்லி வருந்துவது இக்கட்டுரையின் நோக்கமன்று. மின்வாரியக் கம்பியைச் சாராமல், கூரையிலும் வயலிலும் சூரிய ஒளியிலிருந்தே மின்சாரம் பெறும் தொழில் எவ்வாறு வளர்ந்தது, அத்தொழிலில் தொழிலாளரையும் மேலாளரையும் உருவாக்க நடந்த முயற்சிகள் யாவை, அவற்றிலிருந்து நாம் கற்க வேண்டியது யாது என்பதை ஆராய்வதே நோக்கம்.

அண்ணல் அம்பேத்கரும் மின்சாரமும்

அரசியலமைப்புச் சட்டத்தின் சிற்பியாக டாக்டர் அம்பேத்கரை உலகம் அறியும். இந்திய மின்துறையின் தொடக்ககாலத் திட்டத்தில் அவர் ஆற்றிய பங்கை நம்மவரிலும் பலர் அறியார். 1942 முதல் 1946 வரை அவர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக விளங்கினார். நீர்ப்பாசனமும் மின்சாரமும் அன்று அத்துறையின் பொறுப்பில் இருந்தன. 1943 அக்டோபர் 25 அன்று, போருக்குப் பிந்திய மறுசீரமைப்பில் மின்சாரத்தின் இடத்தை ஆராயக் கூடிய கொள்கைக் குழுவில் தலைமை உரை ஆற்றியவர் அவரே. மலிவான, தட்டுப்பாடற்ற மின்சாரம் இல்லாமல் தொழில் வளர்ச்சி இல்லை. தொழில் வளர்ச்சி இல்லாமல் இந்நாட்டு ஏழைகள் வறுமையின் பிடியிலிருந்து மீள வழியில்லை என்பது அவரது வாதத்தின் சாரம். 1944இல் மத்திய தொழில்நுட்ப மின்சார வாரியம் அமைந்ததும் அவர் பொறுப்புக் காலத்திலேயாகும்.

போர்க்காலத்தில் கைத்தொழிலாளருக்குத் தொழில்நுட்பப் பயிற்சி அளிக்கும் திட்டமும் அதே துறையின் கீழ் நடந்து வந்தது. அந்த மரபின் வழியில் 1950இல் கைவினைஞர் பயிற்சித் திட்டம் உருப்பெற்றது. இன்று மாவட்டந்தோறும் காணும் ஐ.டி.ஐ. என்னும் தொழிற்பயிற்சி நிலையங்கள் அதன் விளைவே. மின்சாரம், பயிற்சி ஆகிய இரண்டும் ஒரு காலத்தில் ஒரே மேசையின்மீது, அதுவும் அண்ணலின் மேசையின்மீது இருந்தன என்பது நாம் நெஞ்சில் நிறுத்தத் தக்க செய்தி. அவருக்கு மின்சாரம் வீட்டு வசதியாக மட்டும் தோன்றவில்லை. கையால் உழைத்துக் களைத்த மனிதனுக்கு அது விடுதலைக் கருவியாகவே தோன்றியது.

சூரியத் தகட்டின் வருகை

1954 ஏப்ரல் 25 அன்று அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம் சிலிக்கான் சூரிய மின்கலத்தை உலகுக்குக் காட்டிற்று. அதன்மீது விழுந்த ஒளியில் நூற்றுக்கு ஆறு பங்கே மின்சாரமாக மாறியது. விலையோ மிகுதி. ஆகவே 1958இல் ஏவப்பட்ட வான்கார்டு போன்ற செயற்கைக்கோள்களுக்கே அது முதலில் பயன்பட்டது. 1973இல் பெட்ரோலிய நெருக்கடி வந்த பின்னர்தான் உலக நாடுகள் மாற்று எரியாற்றலைத் தேடத் தொடங்கின. இந்தியாவில் 1974இல் சாகிபாபாத்தில் நிறுவப்பட்ட மத்திய மின்னணு நிறுவனம் 1977இல் முதல் சூரிய மின்கலத்தையும், அடுத்த ஆண்டில் முதல் தகட்டையும் உருவாக்கியது. 1982இல் மரபுசாரா எரிசக்திக்கென மத்திய அரசில் தனித்துறை தோன்றிற்று. தமிழ்நாடு எரிசக்தி மேம்பாட்டு முகமை 1985இல் அமைந்தது.

இவ்வாறு தகடு வந்தது, விளக்கும் வந்தது. மலைக் கிராமங்களிலும் தொலைதூரக் குடியிருப்புகளிலும் சூரியத் தெருவிளக்குகள் நடப்பட்டன. திறப்பு விழாக்கள் நடந்தன, மாலைகள் விழுந்தன. சில ஆண்டுகளில் விளக்குகள் அணைந்தன. இது ஓர் ஊரின் கதையன்று. நாடெங்கும் கேட்ட கதை. காரணத்தை ஆராய்ந்தால் தகட்டின்மீது குற்றமில்லை என்பது புலப்படும். நல்ல தகடு 25 ஆண்டுகள் உழைக்கும். பேட்டரியின் ஆயுளோ பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளே. அதிலும் வடிநீர் ஊற்றாமல் விட்டால், முனைகளில் பூத்த உப்பைத் துடைக்காமல் விட்டால், மின்னேற்றத்தைக் காக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியைத் தவிர்த்துத் தொலைக்காட்சியை நேராகப் பேட்டரியில் மாட்டினால், அந்த ஆயுளும் கிட்டாது. தகட்டின்மீது படிந்த தூசியும், வளர்ந்துவிட்ட வேம்பின் நிழலும் போதும், பாதி மின்சாரத்தைக் கொண்டுபோக. பத்து நிமிடத்தில் தீரும் பழுதுக்கு, நூறு கல் தொலைவிலிருந்து ஆள் வர வேண்டியிருந்தது. வந்தாலும் புதிய பேட்டரி வாங்கப் பொதுப்பணம் இல்லை. விளக்கைக் கொடுத்தவர்கள் விளக்கைக் காப்பவரை உருவாக்கவில்லை என்பதே அடிப்படைக் குறை.

திலோனியாவின் பாடம்

இக்குறையை முதலில் உணர்ந்தவர்களுள் குறிப்பிடத் தக்கவர்கள் இராசசுத்தானத்தின் அஜ்மீர் மாவட்டத்திலுள்ள திலோனியா என்னும் சிற்றூரில் பணியாற்றியவர்கள். 1972இல் பங்கர் ராய் அங்குத் தொடங்கிய சமூகப்பணி ஆய்வு மையம், பின்னர் 'வெறுங்கால் கல்லூரி' என்னும் பெயரால் உலகறிந்தது. அவர்கள் சூரிய விளக்கிலிருந்து தொடங்கவில்லை, கைப்பம்பிலிருந்து தொடங்கினார்கள்.

அக்காலத்தில் ஊர்க் கைப்பம்பு பழுதானால் வட்டாரத்துக்கும் மாவட்டத்துக்கும் சொல்லி அனுப்பி, பொறியாளர் வரும்வரை மக்கள் காத்திருந்தனர். திலோனியாவினரோ அவ்வூர் இளைஞர்களுக்கே பழுதுபார்க்கும் பயிற்சி அளித்தனர். பட்டம் பெறாதவன் எவ்வாறு பழுதுபார்ப்பான் என்று முதலில் ஐயுற்ற அரசும் பின்னர் அம்முறையை ஏற்றது. தண்ணீருக்காகக் காத்திருப்பவனே பம்பைப் பழுதுபார்க்கத் தெரிந்தவனாகவும் இருந்தால், பம்பு நீண்டநாள் கிடக்காது என்னும் எளிய உண்மை அங்கு நிலைநாட்டப்பட்டது.

அதே முறையை 1980களின் பிற்பகுதியிலிருந்து சூரிய மின்சாரத்துக்கும் விரித்தார்கள். பகலில் ஆடு மாடு மேய்க்கும் சிறுவர் சிறுமியருக்கென நடந்த இரவுப் பள்ளிகள் சூரிய இலாந்தர் ஒளியில் இயங்கின. பின்னர் எழுத்தறியாத, அரைகுறையாக அறிந்த கிராமப் பெண்கள், அவர்களிலும் பேரன் பேத்தி எடுத்தவர்கள், ஆறு மாதங்கள் அங்கேயே தங்கிக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் மின்சுற்றைப் பற்றவைக்கவும், தகட்டைப் பொருத்தவும், பழுதைக் கண்டறியவும் கற்றனர். உறுப்புகளை நிறங்களைக் கொண்டு அடையாளம் காணப் பழகினர். மொழி தெரியாதவரும் செய்து காட்டக் கண்டு கற்றனர். 2008 முதல் இந்திய அரசின் அயல்நாட்டு ஒத்துழைப்புத் திட்டத்தின் ஆதரவில் ஆப்பிரிக்கா முதலிய கண்டங்களின் பெண்களும் அங்கு வந்து பயின்று, தத்தம் ஊர்களுக்கு ஒளி கொண்டு சென்றனர்.

இதில் பலரும் வியந்து பேசுவது பாட்டிமார் பொறியாளர் ஆன செய்தியை. நாம் கருத வேண்டியது அதைக் காட்டிலும் ஆழமான மற்றொன்று. பயிற்சிக்கு ஆள் அனுப்பும் முன்பே அவ்வூரில் ஒரு குழு அமைய வேண்டும் என்பது அங்கு விதி. மண்ணெண்ணெய்க்கும் மெழுகுவர்த்திக்கும் டார்ச் பேட்டரிக்கும் ஒரு குடும்பம் மாதந்தோறும் எவ்வளவு செலவிடுகிறது என்று முதலில் கணக்கெடுத்தனர். அதையொட்டி மாதச் சந்தா குறிக்கப்பட்டது. அச்சந்தாவில் ஒரு பகுதி பயிற்சி பெற்றுத் திரும்பும் பெண்ணின் ஊதியத்துக்கும், மறுபகுதி உதிரிப் பாகங்களுக்கும் ஒதுக்கப்பட்டது. ஊரிலேயே ஒரு பட்டறை அமைந்தது. விளக்கை எரிய வைத்தது பற்றவைக்கும் கோல் மட்டுமன்று. அதனருகே திறந்திருந்த கணக்கு நோட்டும் அன்றோ!

திலோனியாவின் ஒரு கொள்கையை மட்டும் நாம் அப்படியே ஏற்க இயலாது. அங்குப் பயின்றோருக்குச் சான்றிதழ் தருவதில்லை. சான்றிதழ் பெற்றவன் ஊரைவிட்டு நகரத்துக்கு ஓடிவிடுகிறான் என்பது அவர்கள் கூறும் காரணம். அவர்கள் அனுபவத்தை நாம் மறுக்கவில்லை. ஆயினும் நூற்றாண்டுகளாக எழுத்தும் தாளும் மறுக்கப்பட்ட மக்களுக்குச் சான்றிதழ் என்பது வெறும் தாளன்று. திறமை இருந்தும் 'உனக்கு என்ன தெரியும்' என்று வாயிலிலேயே நிறுத்தப்பட்டவனுக்கு அது ஒரு வாக்குமூலம். ஊரில் தங்கி உழைக்க விரும்புவோன் தங்கட்டும். வெளியேற விரும்புவோனுக்கு வழிவிடும் தாள் கையில் இருக்கட்டும். நம் இளைஞர்களுக்கு இரண்டும் வேண்டும்.

செல்கோ காட்டிய வழி

திலோனியா தொண்டின் வழியில் சென்றது. அதே பணியைத் தொழிலாக நடத்திக் காட்டியது கர்நாடகத்தில் 1995இல் ஹரீஷ் ஹாண்டேயும் நெவில் வில்லியம்சும் தொடங்கிய செல்கோ நிறுவனம். இப்பணிக்காக ஹாண்டே 2011இல் மகசேசே விருது பெற்றார்.

ஏழை சூரிய விளக்கு வாங்க மாட்டான், வாங்கினாலும் பராமரிக்க மாட்டான், அத்தகைய வணிகம் நிலைக்காது என்று அன்று நிலவிய எண்ணங்களைப் பொய்ப்பிப்பதே இந்நிறுவனத்தின் நோக்கம். இதற்கு அவர்கள் பயன்படுத்திய கருவிகள் மூன்று. முதலாவது, சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ வீட்டை எட்டிவிடும் தொலைவில் கிளையும், அதில் உள்ளூர்த் தொழில்நுட்பரும். இரண்டாவது, கிராம வங்கிகளைக் கொண்டு கடன் ஏற்பாடு. மூன்றாவது, வாடிக்கையாளரின் தேவையை அறிந்து விளக்கை அமைத்தல். பூக்கட்டும் பெண்ணுக்கு வேண்டிய ஒளி வேறு. மாட்டுக்கொட்டகைக்கு வேண்டியது வேறு. பீடி சுற்றுபவருக்கு வேண்டியது வேறு. தெருவோர வணிகர் மாதம் 300 ரூபாய் என்றால் மலைப்பார். நாளொன்றுக்கு பத்து ரூபாய் என்றால் தருவார். தொகை ஒன்றே, ஆனால் அவர் வருமானம் நாள்தோறும் வருவது. இதை அறிந்து தவணையை வகுப்பவன்தான் மேலாளன். மேலாண்மை என்பது குளிரூட்டிய அறையில் கற்கும் மறைபொருளன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அன்றாடக் கூலியின் அருமையை அறிந்த வீட்டில் பிறந்தவர்க்கு இவ்வறிவின் பாதி இயல்பாகவே வாய்த்திருக்கிறது.

நம் மாவட்டத்தின் சான்று

திலோனியாவும் கர்நாடகமும் தொலைவில் உள்ளவை. நம் மக்களால் இது இயலுமா என்று சிலர் ஐயுறலாம். அவர்களுக்கு விடை புதுக்கோட்டை மாவட்டத்தின் வரலாற்றிலேயே உண்டு.

1991, 1992ஆம் ஆண்டுகளில் இம்மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. ஷீலா ராணி சுங்கத் அப்போது மாவட்ட ஆட்சியர். தொண்டர்கள் ஊதியம் பெறாமல், மாலை வேளைகளில், தெருவிளக்கின் கீழும் திண்ணைகளிலும் எழுத்தறிவித்தனர். எழுத்தோடு சைக்கிளும் கற்பிக்கப்பட்டது. வயல் வேலைக்கும் கல்குவாரிக்கும் சென்ற பெண்கள், ஆசிரியைகள், செவிலியர் என ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றனர். பெண்களுக்கான சைக்கிள் கடையில் கிடைக்காதபோது ஆண்களுக்கான சைக்கிளையே வாங்கி ஓட்டினர். கேலி செய்தவர்கள் பலர். கேலி நின்றதே தவிர சைக்கிள் நிற்கவில்லை. கற்றவள் அடுத்தவளுக்குக் கற்பித்தாள். அப்பயிற்சிக்குக் கட்டடமும் கட்டணமும் தேவைப்படவில்லை.

அதே காலத்தில் கல்லுடைக்கும் பெண்களின் குழுக்களுக்குக் கல்குவாரிக் குத்தகை வழங்கப்பட்டது. அதுவரை ஒப்பந்தக்காரரிடம் கூலிக்கும் கடனுக்கும் கட்டுண்டு கிடந்தவர்கள் அவர்கள். பாறையைப் பிளக்க அவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. அத்தொழிலில் அவர்களே வல்லுநர். கற்க வேண்டியிருந்தவை எத்தனை லோடு ஏறியது, என்ன விலை போயிற்று, எவ்வளவு குத்தகை கட்ட வேண்டும், மிச்சம் எவ்வளவு என்பவைதாம். சுத்தியல் எப்போதும் அவர்கள் கையில் இருந்தது, பேரேடுதான் இல்லை. பேரேடு கைக்கு வந்தபோது அதே பாறை, அதே வெயில், அதே உழைப்பு முன்னிலும் மிகுந்த பயனைத் தந்தது. சாதிச் சமுதாயம் உழைப்பை ஒரு தெருவிலும் கணக்கை மற்றொரு தெருவிலும் பிரித்து வைத்தது. அந்தப் பிரிவினையை உடைப்பதே பயிற்சி என்னும் சொல்லின் முழுப்பொருள் என்று புதுக்கோட்டைப் பெண்கள் அன்றே காட்டிவிட்டனர்.

கஜா தந்த எச்சரிக்கை

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையைக் கடந்தது. காவிரிப்படுகை மாவட்டங்களோடு புதுக்கோட்டை மாவட்டமும் பெரும் அழிவுக்கு உள்ளாயிற்று. ஆலங்குடி, கறம்பக்குடி, கீரமங்கலம், அறந்தாங்கிப் பகுதிகளில் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்ததை இன்றும் மக்கள் மறக்கவில்லை. பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் வீழ்ந்தன. பிற மாவட்டங்களிலிருந்தும் அண்டை மாநிலங்களிலிருந்தும் மின்வாரியத் தொழிலாளர் வந்து, சேற்றில் நின்று கம்பம் நட்டனர். அவர்கள் தொண்டு போற்றத் தக்கது. ஆயினும் பல சிற்றூர்கள் வாரக்கணக்கில் இருளில் இருந்தன. மேல்நிலைத் தொட்டிக்கு நீர் ஏற்ற ஜெனரேட்டரை வாடகைக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. கைப்பேசிக்கு மின்னேற்றவும் காசு கேட்கப்பட்டது.

கூரையில் சூரியத் தகடு இருந்தாலே இத்தகைய நேரத்தில் வெளிச்சம் கிடைத்துவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. மின்வாரியக் கம்பியோடு மட்டும் இணைந்த அமைப்பு, கம்பியில் மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் தொழிலாளியின் உயிரைக் காக்க வேண்டி அவ்வாறு அமைத்திருக்கிறார்கள். பேட்டரியோடு தனித்து இயங்கும் அமைப்பே புயல் இரவில் கைகொடுக்கும். இவ்வேறுபாட்டை அறிந்து சொல்ல ஊரில் ஒருவராவது இருந்தாக வேண்டும்.

திட்டங்களும் நம் நிலையும்

2011-12ஆம் ஆண்டில் தமிழக அரசு சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டத்தைத் தொடங்கிற்று. ஆண்டுக்கு 60,000 வீடுகள். ஒவ்வொன்றும் 300 சதுர அடி. வீட்டுக்கு ஐந்து சூரிய விளக்குகள். விரும்புவோர் மின்வாரிய இணைப்பும் பெற முடிந்தது. நம் மக்களிலும் பலர் இவ்வீடுகளைப் பெற்றனர். ஊரார் வீட்டில் மின்வெட்டு இருந்த இரவில் நம் வீட்டுப் பிள்ளை ஒளியில் படித்த காட்சி அதுவரை இல்லாத ஒன்று. ஆனால் பேட்டரியின் ஆயுள் முடிந்த பின் என்ன செய்வது என்னும் பழைய வினா இங்கும் எழாமல் இல்லை.

இங்கு ஓர் எச்சரிக்கையும் கூறியாக வேண்டும். மின்கம்பி ஊருக்கு, சூரிய விளக்கு சேரிக்கு என்னும் புதிய பிரிவினை தோன்ற நாம் இடம் கொடுத்தல் ஆகாது. கம்பி நம் உரிமை. கதிரவன் ஒளி நம் துணை. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுக்க எவரையும் அனுமதியோம்.

பயிற்சித் துறையில் 2015இல் மத்திய அரசு 'சூரியமித்ரா' திட்டத்தைத் தொடங்கியது. தேசிய சூரிய ஆற்றல் நிறுவனம் நடத்திய இப்பயிற்சி தொடக்கத்தில் 600 மணி நேரம் கொண்டதாகவும், தங்கிப் பயில்வதாகவும், கட்டணமற்றதாகவும் இருந்தது. மின்பணியாளர், கம்பியாளர், பிட்டர் முதலிய பிரிவுகளில் ஐ.டி.ஐ. முடித்தோரும் டிப்ளமா பெற்றோரும் சேரத் தகுதி பெற்றனர். இது நல்ல தொடக்கம். எனினும் இரண்டு இடங்களில் நாம் கவனமாக இருத்தல் வேண்டும். ஐ.டி.ஐ., டிப்ளமா ஆகிய இரண்டில் ஒன்றும் முடிக்காதவர்க்கு அங்கு இடமில்லாதிருந்தது. ஆகவே பத்தாம் வகுப்போடு நின்ற நம் பிள்ளைகளை முதலில் ஐ.டி.ஐ.க்குக் கொண்டுசேர்ப்பது நம் கடமை. மேலும் அங்குக் கற்பிக்கப்பட்டது முதன்மையாகப் பொருத்தும் வேலை. பொருத்துபவன் ஒப்பந்தக்காரரின்கீழ்த் தினக்கூலியாகவே நின்றுவிட்டால், கல்குவாரியின் பழைய கதைதான் கூரைமீது ஏறும்.

வாய்ப்புகள் பெருகி வருகின்றன. 2019இல் தொடங்கிய பி.எம். குசும் திட்டத்தின் வழியே சூரியப் பம்புசெட்டுகள் வயல்களில் ஏறின. வறண்ட நிலத்தில் ஏரியையும் ஆழ்துளைக் கிணற்றையும் நம்பும் நம் மாவட்டத்துக்கு இது பெரும்பயன். 2024இல் அறிவிக்கப்பட்ட வீட்டுக்கூரைத் திட்டம் ஒரு கோடி வீடுகளை இலக்காகக் கொண்டது. இவற்றைப் பொருத்தவும் காக்கவும் ஆட்கள் வேண்டும். தொழில் தொடங்க முன்வருவோர்க்குத் தாட்கோ இருக்கிறது. பட்டியல் வகுப்பினருக்கென 2023இல் தமிழக அரசு தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் முதலீட்டில் நூற்றுக்கு 35 பங்கு மானியம் அளிக்க வகை செய்தது.

கற்க வேண்டியவை

இத்தொழிலில் இறங்க விரும்புவோர் இரண்டு கணக்குகளைக் கற்றல் வேண்டும். முதலாவது மின்கணக்கு. ஒரு வீட்டில் ஏழு வாட் விளக்குகள் ஐந்து இருப்பதாகக் கொள்வோம். மொத்தம் 35 வாட். இரவில் நான்கு மணி நேரம் எரிந்தால் செலவு 140 வாட்-மணி. நம் பகுதியில் நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் முழு வெயில் எனக் கொண்டால், 40 வாட் தகடு 200 வாட்-மணி தரும். கம்பியிலும் பேட்டரியிலும் முப்பது பங்கு வீணாயிற்று என்றால் மிஞ்சுவது 140. கணக்கு நேராயிற்று. ஆனால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மூன்று நாள் வெயில் இல்லாவிடில்? 420 வாட்-மணி கையிருப்பு வேண்டும். ஈய-அமிலப் பேட்டரியில் பாதிக்குமேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும். ஆகவே 840 வாட்-மணி, அதாவது 12 வோல்ட்டில் 70 ஆம்பியர்-மணிப் பேட்டரி வேண்டும். மழைக்குப் பின் அதை விரைந்து நிரப்பத் தகடும் சற்றுப் பெரிதாக வேண்டும். பெருக்கலும் வகுத்தலும் அறிந்தவர்க்கு இதில் அச்சப்பட ஒன்றுமில்லை. இதனோடு கூரையில் ஏறும்போது காப்புக் கயிறு, அமிலத்தைக் கையாளும் முறை, பழைய பேட்டரியை ஆற்றிலும் குளத்திலும் எறியாமல் கடைக்கே திருப்பும் பொறுப்பு ஆகியவையும் பாடமாகும்.

இரண்டாவது பணக்கணக்கு. பேட்டரியின் விலை 6,000 ரூபாய் எனவும், ஆயுள் நான்கு ஆண்டுகள் எனவும் கொள்வோம். 48 மாதங்களுக்கு வகுத்தால் மாதம் 125 ரூபாய். நாளொன்றுக்கு நான்கு ரூபாய்க்குச் சற்றே மேல். இருபது வீடுகள் கொண்ட ஒரு தெரு மாதந்தோறும் இதை அஞ்சலகத்திலோ வங்கியிலோ சேர்த்துவந்தால், பேட்டரிகள் உயிர்விடும் நாளில் 1,20,000 ரூபாய் காத்திருக்கும். சேர்க்காத தெருவில் இருள் காத்திருக்கும். சந்தா வாங்குதல், ரசீது தருதல், உதிரிப் பாகங்களுக்கு இருப்புப் பதிவேடு வைத்தல், பழுதுக்கு வந்த நாளையும் தீர்த்த நாளையும் குறித்தல், கூட்டத்தில் கணக்கைப் படித்துக் காட்டுதல் ஆகியவையே மேலாண்மை. சங்கம் நடத்தும் நமக்கு இவை புதியவையும் அல்ல.

முடிவுரை

அன்பார்ந்த இளைஞர்களே! இளம்பெண்களே! வெறுங்காலோடு வந்த பாட்டியால் மின்சுற்றைக் கற்க முடிந்தது. கல்லுடைத்த தாயால் குத்தகைக் கணக்கைக் கற்க முடிந்தது. பத்தும் பன்னிரண்டும் படித்துவிட்டு வேலைக்கு விண்ணப்பம் எழுதிக் காத்திருக்கும் உங்களால் ஏன் முடியாது?

நம் சங்கமும் சில கடமைகளை ஏற்கலாம். இரவுப் படிப்பகங்களின் கூரையில் சிறு சூரிய அமைப்பு ஒன்றை நிறுவி, அதை மாணவரே காக்கும் பயிற்சிப் பொருளாக ஆக்கலாம். ஐ.டி.ஐ.யில் சேர விண்ணப்பிக்கும் காலத்தில் ஊர் ஊராகச் சென்று பெயர் எழுதலாம். பயிற்சி முடித்தோர் நால்வர் ஐவர் சேர்ந்து கூட்டுறவாகத் தொழில் தொடங்க முன்வந்தால், கடன் விண்ணப்பமும் கணக்கும் எழுதத் தெரிந்த நம் ஆசிரியப் பெருமக்கள் அவர்களுக்குத் துணை நிற்கலாம். பெண்களுக்கு இதில் சரிபாதி இடம் வேண்டும். சைக்கிள் பழகிய தாய்மாரின் மகள்கள் அன்றோ அவர்கள்!

மின்சாரம் வந்துவிட்டதென்று ஏட்டில் எழுதி, நம் தெருவை இருளில் விட்டகாலம் ஒன்று இருந்தது. விளக்கைத் தந்து, அதன் சாவியையும் கணக்கையும் தராதகாலம் அடுத்து வந்தது. இனி வரும் காலத்தில் நம் தெருவின் விளக்கை ஏற்றுபவரும், பழுதுபார்ப்பவரும், கணக்கெழுதுபவரும், கையொப்பமிடுபவரும் நம் தெருவினராகவே இருத்தல் வேண்டும். பொன்விழா மலர் வெளிவரும்போது, இத்தொழிலில் நம் மாவட்டத்துப் பிள்ளைகள் நடத்தும் நிறுவனத்தின் வரலாற்றை அவர்களே எழுதட்டும்.